வெரோலின் கழற்றி வைத்த குழாய்

ஃப்ரீடவுன் ஊரில் வெரோலின் ஜார்விஸைத் தெரியாதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். இன்னொன்று, இன்று காலை கப்பலில் வந்து இறங்கியவர்கள். இரண்டாவது வகைக்காரர்களுக்கும் அந்தக் குறை சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். கரீபியன் தீவான ஆன்டிகுவாவுக்கு உல்லாசக் கப்பல் வரும் நாளெல்லாம் செயின்ட் ஜான்ஸ் துறைமுக வாசலில், தன் வெள்ளை வேனுக்கு முன்னால் முதல் ஆளாக நிற்பது அவள்தான்.

ஐம்பத்தாறு வயது. ஆள் குள்ளம். அந்தக் குறையைக் குரல் ஈடுகட்டிவிடும். அந்த டாக்ஸி ஸ்டாண்டில் வண்டியோட்ட வந்த முதல் பெண்பிள்ளை அவள். வந்த புதிதில் அங்கிருந்த ஆண்பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏம்மா, ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா?" என்று ஒருவன் கேட்டான். "உன் மூஞ்சியப் பாத்ததும் வண்டி தானா ரிவர்ஸ்லதானப்பா போகுது" என்றாள் வெரோலின். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. இப்போது அவள் வண்டியை முன்னால் எடுக்கும் வரை மற்றவர்கள் சாவியைத் தொடுவதில்லை.

வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஒப்பிக்க ஆரம்பிப்பாள். தீவு நூற்றெட்டுச் சதுர மைல். கடற்கரைகள் முந்நூற்று அறுபத்தைந்து, வருஷத்தில் நாளுக்கு ஒன்று. லீப் வருஷத்தில் என்ன செய்வீர்கள் என்று எவராவது புத்திசாலித்தனமாகக் கேட்பார். "அன்னிக்குத் தங்கச்சித் தீவுக்குப் போயிடுவோம் சார், பார்புடாவுக்கு. அது தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருக்கும், நடக்கவும் சுகம்" என்பாள். சுதந்திரம் வாங்கியது எண்பத்தொன்று நவம்பர் முதல் தேதி, அன்றைக்குத் தான் சிறுமியாகக் கொடி பிடித்து நின்றதாகச் சொல்லுவாள். அது நிஜம். ஏணி மேல் ஏறிக் கொடியைத் தானே கட்டியதாகவும் சில நாள் சொல்லுவாள். அதை நான் நம்பவில்லை. பொக்கி பீக் மலைக்குப் பேரை மாற்றினார்கள், பிறகு பழைய பேரையே வைத்தார்கள், மலைக்கு அது தெரியாது என்பாள். கடைசியாக, "எங்க ஊர்ல எல்லாம் இருக்கு. ஆறு மட்டும் கெடையாது. ஒண்ணே ஒண்ணு கூட" என்று முடிப்பாள்.

ஆறு இல்லாத ஊரில் தண்ணீர் வானத்திலிருந்துதான் வர வேண்டும். அரசாங்கக் குழாயில் கடல்நீரை உப்பெடுத்து விடுகிறார்கள். அது வரும்போது வரும், வராதபோது குழாய் பெருமூச்சு விடும், அவ்வளவுதான். அதனால் ஆன்டிகுவாவில் வீடு கட்டுகிறவன் முதலில் தொட்டி கட்டுவான். கூரை ஓரமெல்லாம் மழைத்தண்ணீர் பிடிக்கும் பீலி ஓடும், பீலியிலிருந்து ஒரு குழாய் தொட்டிக்குள் இறங்கும். ஒரு குடும்பம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாம் அடுப்பைப் பார்ப்போம். அவர்கள் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் தட்டின இடமெல்லாம் டங் டங் என்றது. ஆகஸ்டில் வர வேண்டிய மழை வரவில்லை. செப்டம்பரில் புயல் வருகிறது என்று ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்தார்கள். புயல் தூரத்திலேயே திரும்பி வடக்கே போய்விட்டது. புயல் வராததற்கு மாதாகோயிலில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, "நாலு சொட்டாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்று அதே வாயால் திட்டினார்கள். மழைக்குப் பதில், கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து சஹாரா மண் பறந்து வந்து கூரையெல்லாம் சிவப்பாகப் படிந்தது. நவம்பர் பாதி போய்விட்டது. டிசம்பர் பிறந்தால் அப்புறம் ஜூன் வரைக்கும் வெயிலும் காற்றும்தான்.

வெரோலினுக்கு அந்தக் கவலை மற்றவர்களைவிட ஒரு படி கூட. அவள் மகள் கெசையாவுக்குக் கல்யாணம்.

கெசையா இங்கிலாந்தில், லெஸ்டரில் நர்ஸ். அவளுக்கு நாலு வயசாக இருக்கும்போது தகப்பன் வேலை தேடி செயின்ட் தாமஸ் தீவுக்குக் கப்பலேறினான். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு அதுவும் வரவில்லை. வெரோலின் அழுது முடித்ததும் வண்டியோட்டக் கற்றுக்கொண்டாள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதும், இங்கிலாந்துக்கு விமானம் ஏற்றினதும் அந்த வேன்தான். பதிலுக்கு அவள் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உன் கல்யாணம் நம்ம வாசல்லதான் நடக்கணும். என் கையால ஃபஞ்சி கிண்டி, ஊரையே உக்கார வெச்சு நான் போடணும்." ஃபஞ்சி என்பது சோளமாவுக் களி. அதைக் கட்டி தட்டாமல் கிண்டுவதில் அவளை மிஞ்ச அந்தக் கிழக்குப் பக்கத்தில் ஆள் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை கல்யாணம் என்று பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் இங்கிலாந்திலிருந்து ஒரு பட்டாளமாக வந்து இரண்டு வாரம் தங்குவார்கள். குளிக்க, துவைக்க, சமைக்க, ஊருக்கே சோறு போட எல்லாம் தண்ணீர் வேண்டும். லாரித் தண்ணீர் கேட்டால் ஜனவரிக்கு வருகிறோம் என்றார்கள். கெசையா போனில் கெஞ்சினாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. தொட்டியில தண்ணி இல்லாம இத்தன பேர எப்படிம்மா வெச்சு சமாளிப்ப? இங்கயே ஒரு ஹால் பாத்துட்டாரு அவரோட அப்பா. ஞாயித்துக்கிழம பதில் சொல்லணுமாம்."

"ஹாலா? ஹால்ல யாரு ஃபஞ்சி கிண்டுறது?"

"யாரும் கிண்ட மாட்டாங்கம்மா. சாண்ட்விச் தருவாங்க."

மகள் கல்யாணத்தில் சாண்ட்விச். "ஞாயித்துக்கிழம வரைக்கும் நேரம் இருக்குல்ல? மழை வரும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பக்கத்து வீட்டில் பெரிய தொட்டி ஒன்று உண்டு. கஷ்டம் வந்தால் பக்கத்து வீட்டில் நாலு வாளி கேட்பது அந்த ஊரில் வழக்கம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஹெஸ்கத் பெஞ்சமின். அங்கேதான் வந்தது வினை.

ஹெஸ்கத்துக்கு அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை, ஊர் கிரிக்கெட்டுக்கு முப்பது வருஷம் அம்பயர். ஒருமுறை விரலைத் தூக்கினால் தூக்கினதுதான். பந்து மட்டையில் படவே இல்லை என்று பந்து போட்டவனே வந்து சொன்னாலும் இறக்க மாட்டார். அவர் வீட்டுப் புளியமரத்தின் கிளை ஒன்று மதிலைத் தாண்டி வெரோலின் கூரை மேல் படர்ந்திருந்தது. புளிய இலை எவ்வளவு சின்னது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீலியை அடைத்தது, தொட்டிக்குள் இறங்கி ஊறியது, அவள் வீட்டு டீ வருஷம் முழுக்கப் புளித்தது. கிளையை வெட்டச் சொல்லிக் கேட்டாள். ஹெஸ்கத் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மரம் என் பக்கம் நிக்குது. நாட் அவுட்." சனிக்கிழமை அவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போன நேரம் பார்த்து, வெரோலின் ஏணி போட்டு ஏறி, கிளையை அடியோடு அறுத்துத் தள்ளிவிட்டாள்.

அது நடந்து ஆறு வருஷம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. அந்தத் தீவில் ஜாடை பேசுவது ஒரு கலை. சண்டைக்காரர் பேரைச் சொல்லாமல், முகத்தைப் பார்க்காமல், காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். கேட்க வேண்டியவர் காதில் விழுந்தால் அது அவர் பாடு. வெரோலின் தன் ஆட்டிடம் பேசுவாள், அதன் பேர் டச்சஸ். ஹெஸ்கத் தன் நாயிடம் பேசுவார், அதன் பேர் சார்ஜென்ட்.

"டச்சஸ், சில பேரு தொட்டி நெறையத் தண்ணிய வெச்சுக்கிட்டு அதுல மூஞ்சி பாத்துக்கிட்டு இருக்காங்கடி. இருக்கட்டும். நான் உப்புத் தண்ணியில பல்லு விளக்குவேனே தவிர அந்தத் தொட்டியிலருந்து ஒரு டம்ளர் வாங்க மாட்டேன்."

"சார்ஜென்ட், கேட்டியாடா? யாரோ உப்புத் தண்ணிங்கறாங்க. அந்த வாய்க்கு உப்பும் சேந்தா ஊரு தாங்குமா?"

உண்மையில் அந்தப் பெரிய தொட்டியும் டங் டங் என்றுதான் இருந்தது. அது வெரோலினுக்குத் தெரியாது. சொல்ல அவருக்குக் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை கிழக்கே கடல் மேல் கறுப்பு கட்டியது. ஊரில் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயைக் கழற்றி வைத்தார்கள். மாசக்கணக்காகச் சேர்ந்த சஹாரா மண், புறா எச்சம், காய்ந்த பல்லி எல்லாம் கூரையில் கிடக்கும். முதல் மழை அத்தனையையும் கழுவித் தரையில் கொட்டிவிட்டுப் போக வேண்டும். பீலியில் தண்ணீர் தெளிவாக வந்ததும் ஓடிப் போய்க் குழாயைத் திரும்ப மாட்ட வேண்டும். அதுவரை வீட்டில் யாராவது ஒருவர் காவல் இருப்பார்கள். மழை வரும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால், வானமே உடைந்து கொட்டினாலும் தொட்டிக்கு ஒரு சொட்டு கிடையாது.

திங்கள் வரவில்லை மழை. செவ்வாய், புதன், ம்ஹூம். வியாழக்கிழமை அந்த சீசனின் முதல் பெரிய கப்பல். போகாமல் முடியாது. வெரோலின் எதிர்வீட்டு ஐவியிடம் காவல் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். "போடீ போ, நான் இங்கதானே இருக்கேன், எங்க போகப் போறேன்?" என்றாள் ஐவி. வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

அன்று வண்டியில் ஒன்பது பேர். முன் சீட்டில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கிழவரும் அவர் மனைவியும். தொப்பிக்காரர் கேள்வி கேட்பதற்கென்றே கப்பலேறி வந்தவர். வெரோலினும் சளைக்கவில்லை. நூற்றெட்டுச் சதுர மைலையும் ஒப்பித்து, ஆறு கிடையாது என்பதை வழக்கம்போல் அழுத்திச் சொல்லி, ஷெர்லி ஹைட்ஸ் மேட்டில் கொண்டுபோய் இறக்கினாள். அங்கிருந்து பார்த்தால் கீழே துறைமுகமும் பாய்மரங்களும் தெரியும். ஜனங்கள் போட்டோ எடுத்தார்கள். வெரோலின் பழக்க தோஷத்தில் கிழக்கே திரும்பிப் பார்த்தாள்.

ஃப்ரீடவுன் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ரீடவுன் இல்லை. வானத்திலிருந்து தரைவரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு திரை தொங்கிக்கொண்டிருந்தது. இவள் நிற்கும் இடத்தில் சுள்ளென்று வெயில். அங்கே மூன்று மாசத்து மழை மொத்தமாக இறங்குகிறது.

"மழை!" என்று குதித்தாள். ஐவியைக் கூப்பிட்டாள்.

"ஐவி, பைப்ப மாட்டிட்டியாடி?"

"என்ன பைப்பு? சத்தமாப் பேசுடீ, தலைக்கு மேல மெஷின் ஓடுது."

"என்ன மெஷின்?"

"நான் டவுன்ல இருக்கேன்டி. முடி செட் பண்ண வந்தேன். கல்யாணத்துக்கு எந்த ஸ்டைல் எடுக்கும்னு சும்மா ஒரு தடவ பாக்கலாமேன்னு..."

வெரோலின் பேச்சை முடிக்கவிடாமல் போனை வைத்தாள். வயிற்றில் புளியைக் கரைத்தது, அதுவும் பக்கத்து வீட்டுப் புளி. மூன்று நாள் ஏமாந்த பிறகு, வியாழக்கிழமை மத்தியானம் தெருவில் எல்லோரும் காவலை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டோடு இருக்கிற ஆள் ஒருவர்தான். அந்த நம்பர் போனில் இருந்தது. ஆறு வருஷமாக அழிக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. பெரிய எழுத்தில் ஹெஸ்கத் என்று அது அவளைப் பார்த்தது. கெசையா முகத்தை நினைத்தாள், சாண்ட்விச்சை நினைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது.

"வேணும்னே எடுக்கல. கால்மேல் கால் போட்டுக்கிட்டு, போன் ஆடுறதப் பாத்துச் சிரிச்சிட்டு இருப்பாரு" என்று வாய்விட்டே சொன்னாள். மானத்தை விட்டுக் கூப்பிட்டும் பலனில்லை என்றால் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது. முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் முட்டியது.

தொப்பிக்காரர் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். வெரோலின் குழாயையும் கல்யாணத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த அம்மாள் மற்ற எட்டுப் பேரையும் திரும்பிப் பார்த்தாள். "அடுத்தது எங்க கூட்டிட்டுப் போறதா இருந்தீங்க?"

"ஒரு பீச்சுக்கு."

"பீச்சு முந்நூத்தி அறுபத்தஞ்சு இருக்குன்னீங்க. அது எங்கயும் போகாது. உங்க வீட்டுக்கு விடுங்க வண்டிய."

வண்டி பறந்தது. பாதி வழியில் மழை எதிரே வந்து மோதியது. வைப்பர் இரண்டும் திணறின. இன்னும் இரண்டு திருப்பம் தாண்டினால் ஊர். அங்கே ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். வருஷம் பூராவும் ஆடு மேய்கிற பள்ளம். இப்போது அதில் செம்மண் தண்ணீர் ஒரு வேலியையும் யார் வீட்டு நாற்காலியையோ உருட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்தது. வெரோலின் பிரேக் போட்டாள்.

தொப்பிக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "ஆறே கிடையாதுன்னு சொன்னீங்களே?"

"ஆறு இல்ல சார். இது ரோடு."

"ரொம்ப அகலமா ஓடுதே."

"வெள்ளிக்கிழம வந்து பாருங்க சார், ஆடு மேஞ்சிட்டு இருக்கும்."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் காது மட்டும் கூரை மேல் விழும் மழையை எண்ணிக்கொண்டிருந்தது. விழுகிற ஒவ்வொரு சொட்டும் தன் வீட்டுக் கூரையிலும் விழுகிறது, அங்கிருந்து தரைக்கு ஓடி, தரையிலிருந்து இதோ இந்தப் பள்ளத்துக்கு வந்து, கண் முன்னாலேயே கடலுக்குப் போகிறது. தன் மகளின் கல்யாணமே அந்த நாற்காலியோடு சேர்ந்து உருண்டு போவது போல இருந்தது. "இன்னொரு தடவ போன் போட்டுப் பாருங்க" என்றாள் அந்த அம்மாள். போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. போனை சீட்டில் எறிந்தாள்.

அந்தப் பள்ளங்களில் வெள்ளம் வருவதும் வேகம், வடிவதும் வேகம். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு இறங்கியதும் வெரோலின் வண்டியை உள்ளே விட்டு மேலே ஏற்றினாள். வாசலில் நிறுத்தும்போது மழை கடைசி மூச்சில் இருந்தது. கதவைக் கூடச் சாத்தாமல் பின்பக்கம் ஓடினாள். ஒன்பது பேரும் பின்னாலேயே ஓடினார்கள்.

தொட்டியடியில் ஹெஸ்கத் பெஞ்சமின் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு கையும் தலைக்கு மேல். சிக்ஸர் அடித்தால் அம்பயர் தூக்குவாரே, அப்படி. அந்த இரண்டு கைக்கு நடுவில் கழற்றி வைத்த குழாய், பீலியின் வாயோடு வாய் வைத்து அழுத்திப் பிடித்தபடி. உள்ளே தண்ணீர் கடகடவென்று தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டி, மூக்கு நுனியில் சொட்டி, அவர் நின்ற நிலை கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை. காலடியில் சார்ஜென்ட் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. டச்சஸ் மட்டும் வராந்தாவில் ஈரம் படாமல் நின்று அசை போட்டது.

ஹெஸ்கத் வெரோலினைப் பார்க்கவில்லை. நாயைக் குனிந்து பார்த்தார்.

"சார்ஜென்ட், வந்தவங்ககிட்டச் சொல்லு. வாயப் பொளந்துகிட்டு நிக்காம ஒரு கயிறு கொண்டு வரட்டும்."

வெரோலின் ஆட்டின் பக்கம் திரும்பினாள். பழக்கம் விடுமா? "டச்சஸ்... கயிறு எதுக்குன்னு கேளுடி" என்றாள்.

"சார்ஜென்ட், ஜாயிண்ட் வளையம் வெயில்ல காஞ்சு தூள்தூளாப் போயிருக்குன்னு சொல்லு. மாட்டுனா நிக்கல, புடிச்சாத்தான் நிக்குது. சில பேரு ஊரான் மரத்த வெட்டுற நேரத்துல சொந்த வீட்டு வளையத்த மாத்தியிருக்கலாம்னும் சொல்லு."

வெரோலின் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேருமாகக் குழாயைச் சுற்றிக் கட்டினார்கள். வராந்தாவில் வரிசையாக நின்றவர்களில் தொப்பிக்காரர் கேமராவைத் தூக்கினார். "இது உங்க ஊர் சம்பிரதாயமா சார்?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றார் ஹெஸ்கத், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். "முதல் மழைக்கு ஊர்ல மூத்தவன் பைப்பப் புடிக்கணும்."

கட்டி முடித்தும் அவர் கைகள் இறங்கவில்லை. தோள் இறுகிப்போயிருந்தது. வெரோலின் ஒரு கையையும், அந்த அம்மாள் ஒரு கையையுமாகப் பிடித்து மெதுவாக இறக்கினார்கள். அப்போதும் அவர் நாயிடமே முறையிட்டார். "அந்தக் கிளை இருந்திருந்தா மரத்தோட வந்து எறங்கியிருப்பேன்டா சார்ஜென்ட். அத வெட்டிட்டாங்களா, இந்த வயசுல மதிலேறிக் குதிக்க வேண்டியதாப் போச்சு."

வெரோலினால் அதற்குமேல் ஆட்டைப் பார்த்துப் பேச முடியவில்லை.

"நான் போன் பண்ணேன்" என்றாள் நேராக அவர் முகத்தைப் பார்த்து. "ரெண்டு தடவ. நீங்க எடுக்கல."

ஹெஸ்கத் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார். "அது நீயா? பாக்கெட்டுல அடிச்சிட்டே இருந்துச்சு. கைய எடுத்தா தண்ணி வெளிய போயிடும், என்ன பண்ணச் சொல்ற?"

ஆறு வருஷத்துக்கு அப்புறம் அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வெரோலின் அழுதாள். மழைதான் கன்னத்தில் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வசதி இல்லை, மழை நின்றுவிட்டிருந்தது.

"அழாத. நீ போட்ட சபதத்துக்கு ஒண்ணும் பங்கம் வரல" என்றார் ஹெஸ்கத். "என் தொட்டித் தண்ணி வேண்டாம்னுதானே சொன்ன? இது உன் கூரைத் தண்ணி. நல்லா யோசிச்சிட்டுத்தான் மதில் ஏறினேன்."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மதிலுக்கு அந்தப்பக்கம் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஹெஸ்கத் வீட்டுக் கூரைத் தண்ணீர் முழுக்கத் தரையில் கொட்டி, அங்கே பெரிய குழி பறித்திருந்தது. அவர் வீட்டுக் குழாய் சுவரோரம் சாய்ந்து நின்றது.

"ஐயோ, உங்க பைப்பு!"

"நானும் திங்கக்கிழமதானே கழட்டினேன், ஊரோட."

"முதல்ல அத மாட்டிட்டு வந்திருக்கலாமே, மிஸ்டர் ஹெஸ்கத்!"

"அங்க எனக்கும் நாய்க்கும் எவ்வளவு தண்ணி வேணும்? இங்க பொண்ணுக்குக் கல்யாணம்."

"கல்யாணம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? தினம் காலையில ஆட்டுக்கு நியூஸ் வாசிக்கிறியே, பார்புடா வரைக்கும் கேக்குது."

வெரோலின் தண்ணீர் அளவு பார்க்கும் மூங்கில் கழியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தாள். கைப்பிடி வரைக்கும் ஈரம். கழியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். ஒன்பது பேரும் கைதட்டினார்கள். அப்புறம் எல்லோருக்கும் முந்தின நாள் அவித்து வைத்த டுக்கானாக் கொழுக்கட்டையும் டீயும் கொடுத்தாள். ஹெஸ்கத்துக்குத் தோளில் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தாள். கப்பல் கிளம்ப நேரம் இருக்கும்போதே ஒன்பது பேரையும் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கினாள். இறங்கும்போது தொப்பிக்காரர், "முந்நூத்தி அறுபத்தஞ்சு பீச்சுல ஒண்ணுகூடப் பாக்கல, ஆனா ஒரு ஆறு பாத்தோம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். டாக்ஸி ஸ்டாண்டே அவளைத் திரும்பிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் வெரோலின் ஒரு நீள ரப்பர் குழாயை எடுத்தாள். ஒரு முனையைத் தன் தொட்டி மோட்டாரில் செருகி, மறு முனையை மதிலுக்கு மேலே விட்டு ஹெஸ்கத் தொட்டியில் போட்டாள். வெட்டுப்பட்ட கிளையின் கட்டை மேல் அது வாகாக உட்கார்ந்துகொண்டது. ஹெஸ்கத் வெளியே வந்தார்.

"என்ன இது? நான் தண்ணி கேக்கலியே."

"நான் கூடத்தான் கேக்கல. நீங்க வந்து புடிக்கலியா?"

"வேண்டாம்னா வேண்டாம். என் தீர்ப்ப நான் மாத்துறதில்ல."

"அப்படின்னா கையத் தூக்கிச் சொல்லுங்க பாப்போம்."

ஹெஸ்கத் கையைத் தூக்கப் பார்த்தார். இடுப்புக்கு மேலே வரவில்லை. இன்னொரு கையும் வரவில்லை. "கை வந்ததும் வெச்சுக்கறேன்" என்று முனகிவிட்டு நாற்காலியைத் தொட்டியோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெரோலின் மோட்டாரைப் போட்டாள்.

அப்போதுதான் லெஸ்டரிலிருந்து போன் வந்தது.

"அம்மா, ஹால்காரர் பதில் கேக்கறாரு. மழை வந்துச்சா? தண்ணி இருக்கா?"

வெரோலின் போனை மதிலுக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். ஹெஸ்கத்தின் காலித் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கணகணவென்று கேட்டது. கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா! நம்ம தொட்டியா?"

"நம்ம தொட்டி ரொம்பியாச்சு. இது பக்கத்து வீட்டுத் தொட்டி."

அப்புறம் மகள் மெல்லக் கேட்டாள்.

"அம்மா... நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?"

"ஆட்டுகிட்டப் பேசிப் பேசி அலுத்துப் போச்சுடி" என்றாள் வெரோலின். "அந்த ஹால வேண்டாம்னு சொல்லிடு. கிளம்பி வா."